பசியாறிவிட்டீர்களா?

தஞ்சோங் மாலிம் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பாவ்தான். 1926ஆம் ஆண்டில் தொடங்கிய கடையொன்று அவ்வூருக்கு நாடறிந்த பெயரைத் தேடித் தந்தது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வருவதற்கு முன், ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே பழைய சாலையில் சென்றவர்கள் இங்கு இறங்கிப் பசியாறினார்கள். இன்று நெடுஞ்சாலையில் விரைபவர்களும், வயிறு நிறைந்திருந்தாலும், “இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பாவ் வாங்காமல் போவதா?” என்று ஊருக்குள் திரும்புகிறார்கள். எப்போதோ ஒருமுறை என்றால் அதில் குற்றமில்லை, பாவ் சுவையானதுதான். ஆனால், பசியைப் பார்க்காமல் இடத்தையும் நேரத்தையும் பார்த்து உண்ணும் வழக்கம் அன்றாடச் சாப்பாட்டிலும் வேரூன்றிவிட்டது.

காலை உணவு உண்பதை மலேசியத் தமிழர்கள் ‘பசியாறுதல்’ என்பர். தோட்டப்புறத்தில் அச்சொல்லுக்கு முழுப் பொருள் இருந்தது. விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குச் சென்று, நிரை நிரையாக நடந்து 400, 500 இரப்பர் மரங்களைச் சீவியவர்களுக்கு உண்மையாகவே பசித்தது. தட்டு நிறையச் சோறு அந்த உழைப்புக்கு ஈடாக இருந்தது. அவர்களின் பேரப்பிள்ளைகள் வகுப்பறையிலும் அலுவலகத்திலும் அமர்ந்திருக்கிறார்கள். உழைப்பு மாறியது, தட்டின் அளவு மாறவில்லை. போதாக்குறைக்கு, சோற்றோடு இனிப்புப் பானமும் திறன்பேசியும் சேர்ந்துகொண்டன. கண் திரையில் இருக்கும்போது எத்தனை கவளம் உள்ளே போனது என்பது யாருக்குத் தெரியும்?

2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. இந்நோய் இந்தியர்களிடையேதான் மிக அதிகம். அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள பானங்களுக்கு 2019 ஜூலை முதல் லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது. 2025இல் அது 90 சென்னானது. ஆயினும், அவ்வரி டின்னையும் போத்தலையும் தொடுமே தவிர, கடையில் கெட்டிப்பால் ஊற்றி ஆற்றித் தரும் தே தாரிக்கைத் தொடாது. தட்டில் அரைப்பங்கு காய்கறியும் பழமும், கால்பங்கு சோறு, கால்பங்கு மீன், முட்டை, பருப்பு போன்றவை என்று சுகாதார அமைச்சு காட்டும் அளவும் எளியதே. காய்கறியும் மீனும் விலையேறும்போது எல்லாக் குடும்பங்களாலும் அதைப் பின்பற்ற முடிவதில்லை என்பாரின் வாதத்தில் நியாயம் உண்டு. பசிக்கிறதா, போதுமா என்று கவனிப்பதற்கோ செலவில்லை.

இது புதிய கருத்தும் அன்று. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் பாதிக்கு மேற்பட்ட குறள்கள் உணவைப் பற்றியவையே. முன் உண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்தபின் அளவோடு உண்ணச் சொல்கிறார் வள்ளுவர்.

உண்மையான தடை கடையில் இல்லை, வீட்டில் இருக்கிறது. கடையில் “குராங் மானிஸ்” என்றால் சீனியைக் குறைத்துத் தருவார்கள். யாரும் மனம் வருந்துவதில்லை. வீட்டில் ஒரு பிள்ளை “போதும் பாட்டி” என்றால், “சாப்பாடு பிடிக்கவில்லையா?” என்ற கேள்வி வரும், கூடவே இன்னொரு கரண்டிச் சோறும் விழும். பற்றாக்குறைக் காலத்தைக் கண்டவர்களின் அன்பு அப்படித்தான் பரிமாறப்படும். அதைக் குறைகூறுவது முறையாகாது. அதே வேளையில், பிள்ளையின் “போதும்” என்ற சொல்லை அவமதிப்பாக எடுத்துக்கொள்வதும் சரியன்று. தட்டைப் பாட்டியே நிரப்பாமல் பேரனிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டால் இருவர் மனமும் நோகாது. முதலில் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு, பசி இருந்தால் அவன் மறுபடியும் கேட்பான். அப்படிக் கேட்டு வாங்கிய அந்த இரண்டாவது கரண்டி பாட்டிக்கும் மகிழ்ச்சி தரும்.