சுருதிக்குப் பாஸ் மார்க் கிடையாது!



மலர்க் குழுவினர் "ஏதாவது எழுதிக் கொடுடா" என்று கேட்டபோது, "இளைஞனே எழுந்து வா!" என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் காலை பஸ்ஸை வாரத்துக்கு இரண்டு தடவை கோட்டை விடுகிற எனக்கு, எழுந்து வருவதைப் பற்றி எழுத என்ன தகுதி இருக்கிறது? அதனால் எனக்குத் தெரிந்த ஒன்றை எழுதுகிறேன். நான் ஒரு பழைய ஸ்டீல் கிட்டார் வாங்கிய கதையும், அதைக் கற்றுக்கொள்ளப் படும் பாடும், அதனால் நம் படிப்பைப் பற்றி எனக்கு ஏற்பட்ட ஒரு கருத்தும்தான் இந்தக் கட்டுரை.

கிட்டார் என்றதும் தோளில் மாட்டிக்கொண்டு தலையை ஆட்டும் படம் மனதில் வரலாம். இது அந்த ரகம் இல்லை. மடியில் படுக்க வைத்து வாசிப்பது. இடது கை கம்பியை அழுத்தாது; வழவழப்பான ஓர் இரும்புத் துண்டைக் கம்பிகளின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். பழைய சினிமாப் பாட்டுகளில் ஒரு கிட்டார் கெஞ்சுகிற மாதிரி இழுத்துக்கொண்டு வருமே, அதுதான். நம் பக்கத்து வாத்தியக்காரர்கள் 'ஹவாயன் கிட்டார்' என்பார்கள்.

இதற்கு ஓர் அண்ணன் உண்டு. பெயர் பெடல் ஸ்டீல் கிட்டார். நாலு கால் போட்ட மேசை மாதிரி நிற்கும். பெரும்பாலும் 10 கம்பிகள். கீழே காலால் மிதிக்கப் பெடல்கள், முழங்காலால் தள்ள லிவர்கள். பெடலை மிதித்தால் ஒன்றிரண்டு கம்பிகளின் சுருதி மட்டும் ஏறும். மற்றவை நின்ற இடத்திலேயே நிற்கும். முதலில் செல்போனில் இதைப் பார்த்தபோது எனக்கு இசையை விட, மேசைக்கு அடியில் இருந்த ராடுகளும் பெல் கிராங்குகளும்தான் கண்ணில் பட்டன. மெக்கானிக்கல்காரன் புத்தி வேறு எங்கே போகும்? ஆனால் அதன் விலையையும் கப்பல் கூலியையும் கூட்டிப் பார்த்தபின் ஆசையை மடித்து வைத்துவிட்டேன். அண்ணன் கிடைக்காவிட்டால் தம்பி போதும் என்று தேட ஆரம்பித்தேன்.

தம்பி கோவில்பட்டியில் கிடைத்தான். மெல்லிசைக் குழுவில் வாசித்து ஓய்ந்த ஒரு பெரியவர் வீட்டில், பீரோவுக்கு மேலே பழைய வேட்டியில் சுற்றிக் கிடந்தான். கல்கத்தாவில் செய்த ஆறு கம்பி எலெக்ட்ரிக் கிட்டார். அவர் கேட்டது 6,000. என் பையில் இருந்தது செமஸ்டர் லீவில் லேத் பட்டறையில் நின்று சம்பாதித்த 4,000. என் முகத்தைப் பார்த்தார். "சரி தம்பி, இருக்கிறதக் குடுங்க. ஆனா கொண்டுபோய் மூலையில மட்டும் சாத்திராதீங்க" என்றார்.

குளத்தூருக்கு வந்து இறங்கினேன். அந்த வருஷம் பெய்யக் கூடாத நேரத்தில் மழை பெய்து, எங்கள் காட்டில் மிளகாய்ச் செடி அழுகிப் போயிருந்தது. அப்பா வேட்டியைப் பிரித்துப் பார்த்தார். "ஏலே, இது என்ன, இஸ்திரி போடுற பலகையா?" என்றார். விலையைச் சொன்னேன். "காடு பூரா அழுகிக் கெடக்கு. ஒனக்குக் கம்பி இழுக்க நேரம் வந்துட்டோ?" அவ்வளவுதான். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

பழைய கருவி வாங்க நினைப்பவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். கழுத்துப் பலகை வளைந்திருக்கிறதா என்று ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் காசைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கம்பி துருப்பிடித்திருந்தால் கவலை வேண்டாம், மாற்றிக்கொள்ளலாம். முறுக்கும் சாவிகள் பிடிப்பாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். வால்யூம் திருகும்போது கரகரத்தால் உள்ளே அழுக்கு. 'ம்ம்ம்' என்று இரைந்தால் பெரும்பாலும் எர்த் ஒயர் விட்டிருக்கும். என்னுடையதில் இரண்டுமே இருந்தன. ட்ரிபிள்-இ நண்பன் ஒருவன் ஒரு மாலை நேரத்தில், ஒரு டீக்கும் இரண்டு வடைக்கும் சால்டரிங் வைத்துச் சரிசெய்து கொடுத்தான்.

வழுக்கும் இரும்பு மட்டும் தொலைந்து போயிருந்தது. வொர்க்‌ஷாப்பில் அனுமதி வாங்கி, 19 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கம்பியில் 80 மில்லிமீட்டர் வெட்டி, நுனியை லேத்தில் உருட்டி, எமரித் தாளில் கண்ணாடியாகத் தேய்த்து எடுத்தேன். பெருமையாக இருந்தது. பிறகுதான் படித்தேன், இந்த வாத்தியமே அப்படிப் பிறந்ததுதானாம்! 1889 வாக்கில் ஹவாய்த் தீவுகளில் ஜோசப் கெகுகு என்ற பள்ளிக்கூடப் பையன் இரும்புத் துண்டு ஒன்றைக் கம்பி மேல் வழுக்கிப் பார்த்து, பிறகு பள்ளித் தொழிற்கூடத்திலேயே அதற்கென ஓர் இரும்பைச் செய்துகொண்டான் என்று சொல்கிறார்கள். பின்னாளில் அவர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாசித்துப் புகழ் பெற்றார். அவருக்கும் முன்பே இந்தியாவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த கேப்ரியல் டேவியன் என்பவர் இப்படி வாசித்ததாகச் சொல்பவர்களும் உண்டு. யார் முதல் என்ற வழக்கு எப்படியோ போகட்டும். வழுக்கி வாசிப்பது நமக்குப் புதிதல்ல. தஞ்சைப் பக்கத்துக் கோட்டு வாத்தியம் மெட்டு இல்லாத வீணைதானே! கருங்காலிக் கட்டையை வழுக்கித்தான் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் நாராயண ஐயங்காரும் வாசித்தார்கள். ஹவாய்க் கலைஞர் டாவ் மோவின் குடும்பம் 1940-களில் கல்கத்தாவில் தங்கியிருந்தது. பின்னால் பிரிஜ் பூஷண் காப்ரா இதிலே இந்துஸ்தானி ராகங்களை வாசித்துக் காட்டினார். விஸ்வமோகன் பட் தானே மாற்றி அமைத்த 'மோகன வீணை' வாசித்து 1994-ல் கிராமி விருது வாங்கினார்.

சரி, கற்றுக்கொள்வது எப்படி? இங்கேதான் என் கருத்து வருகிறது.

சாதாரணக் கிட்டாரில் மெட்டு உண்டு. விரலைக் கொஞ்சம் முன்னே பின்னே வைத்தாலும் சரியான ஸ்வரம் வந்துவிடும். இதில் மெட்டு கிடையாது; வரைந்த கோடுதான். இரும்பு அந்தக் கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். என் கிட்டாரில் அதிரும் கம்பியின் நீளம் 57 சென்டிமீட்டர். முதல் கோடு 32 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. 11-ஆம் கோட்டுக்கும் 12-ஆம் கோட்டுக்கும் நடுவில் வெறும் 17 மில்லிமீட்டர். மேலே போகப் போக இடம் குறுகும். அங்கே 3 மில்லிமீட்டர் தவறினால் தெருநாய்கூடத் திரும்பிப் பார்க்கும். சாய்வாகப் பார்த்தாலோ கண்ணே ஏமாற்றும். அம்மீட்டரில் முள்ளுக்குப் பின்னால் கண்ணாடிப் பட்டை எதற்கு என்று லேபில் கேட்டபோது, "பாரலாக்ஸ் எர்ரர் சார்" என்று எல்லோரும் கோரஸாகச் சொன்னோமே! அந்த எர்ரர் எப்படி இருக்கும் என்று காதால் கேட்டது எனக்கு இந்தக் கிட்டாரில்தான்.

நம் படிப்பில் 100-க்கு 40 வந்தால் பாஸ். "நாற்பது போதும் மாப்ளே" என்பது நம் தாரக மந்திரம். இரண்டரை வருஷம் நானும் அதை ஜெபித்தவன்தான். ஆனால் சுருதியில் 40 என்று ஒன்று கிடையாது. 90 கூடக் கிடையாது. சேர்ந்தால் சேர்ந்தது, சேராவிட்டால் இல்லை.

ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து ஸட்ஜமத்திலிருந்து பஞ்சமத்துக்கு இழுத்துப் பழகிக்கொண்டிருந்தேன். எனக்குச் சரியாகத்தான் கேட்டது. அப்பா வெற்றிலை போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். திரும்பாமலே சொன்னார்: "ஏலே, அது இன்னும் வந்து சேரலியே."

செல்போனில் சுருதி பார்க்கும் ஆப்பை வைத்துப் பார்த்தேன். உண்மை. ஒரு நூல் குறைவு!

அப்பா எந்த வாத்தியாரிடமும் பாட்டுப் படித்தவர் இல்லை. கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டவர். அவ்வளவுதான். முத்துசாமி தீட்சிதர் 1835-ல் கண்ணை மூடிய எட்டயபுரமும், பெரும் பாடகரான விளாத்திகுளம் சுவாமிகளின் ஊரும், காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரத்தோடு வாழ்ந்த கோவில்பட்டியும் இந்த வட்டாரம்தானே. கரிசல் மண்ணுக்குத் தண்ணீர்தான் பற்றாக்குறை, காதுக்கு இல்லை. அன்று நான் இரும்பைக் கொஞ்சம் நகர்த்தினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் லேசாக ஆட்டினார். எந்த மார்க் ஷீட்டைக் காட்டியபோதும் எனக்கு அந்த மகிழ்ச்சி வந்ததில்லை.

அந்தத் தைரியத்தில்தான் மடித்து வைத்த பெடல் ஆசையை மறுபடி பிரித்தேன். 1954-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஸ்லோலி' என்ற பாட்டில் பட் ஐசக்ஸ் என்பவர் ஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். அதைக் கேட்ட பல வாசிப்பாளர்கள் தங்கள் கருவியில் தாங்களே பெடல் வைத்துப் பார்த்தார்களாம். அவர்களால் முடிந்தால் நம்மால் முடியாதா? சைக்கிள் பிரேக் கேபிள், ஒரு ஸ்பிரிங், நானே செய்த எல் வடிவ லிவர். இவற்றை வைத்து இரண்டாம் கம்பிக்கு மட்டும் ஒரு பெடல் கட்டினேன். முதல் மிதியிலேயே கம்பி 'டங்'கென்று அறுந்தது!

பிறகுதான் நோட்டைத் திறந்தேன். இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் அதிர்வெண் மாறும். சுருதி ஒரு முழு ஸ்வரம் ஏற, அதிர்வெண் 12 சதவீதம் கூட வேண்டும். அதற்கு இழுவிசை 26 சதவீதம் கூட வேண்டும். ஏறக்குறைய கால் பங்கு! பரீட்சைக்கு நெட்டுருப் போட்ட சூத்திரம், அறுந்த கம்பியைக் கையில் பிடித்தபோதுதான் புரிந்தது. லிவர் அதற்கு மேல் போகாமல் தடுக்க ஒரு ஸ்டாப் ஸ்க்ரூ வைத்தேன். மூன்று கம்பி போனது. நாலாவது நிற்கிறது. இன்றைக்கும் பத்து மிதியில் இரண்டு மிதி சரியாகத் திரும்பி வருவதில்லை. லிவர் அச்சில் ஆட்டம் இருக்கிறது. அதை எடுக்க வேண்டும்.

"கீபோர்டிலேயே ஸ்டீல் கிட்டார் சத்தம் வருதே, இதுக்கு எதுக்குடா இவ்வளவு பாடு?" என்று விடுதி நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சத்தம் வேண்டுமானால் கீபோர்டு போதும். "இதனால் வேலை கிடைக்குமா?" என்றும் கேட்கிறார்கள். கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நாளைக்கு நாம் ஒரு ஷாஃப்ட்டைக் கடைந்து கொடுப்போம். ஒரு வீட்டுக்கு ஒயரிங் செய்வோம். ஒரு பாலத்துக்குக் கம்பி கட்டுவதை மேற்பார்க்கப் போவோம். அங்கே 40 மார்க்குக்குக் கட்டிய பாலத்தில் யார் நடப்பது? "வந்து சேரலியே" என்று யாரும் சொல்வதற்கு முன்னால் நமக்கே உறுத்த வேண்டும். அந்த உறுத்தல்தான் படிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்கு அதைக் கொடுத்தது ஒரு பழைய கிட்டார். உங்களுக்கு அது பழைய ரேடியோவாக இருக்கலாம், ஓடாத மோட்டாராக இருக்கலாம், தாத்தாவின் தையல் மெஷினாகவும் இருக்கலாம்.

நம் மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை வொர்க்‌ஷாப்பைத் திறந்து வைக்க நிர்வாகத்திடம் கேளுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய பொருளை ஆளுக்கொன்று கொண்டு வருவோம். மெக்கானிக்கலும் ட்ரிபிள்-இயும் சிவிலும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிரித்துப் பார்ப்போம். மார்க் கிடையாது, ரெக்கார்டு நோட்டு கிடையாது. ஓடினால் ஓடியது, ஓடாவிட்டால் அடுத்த மாதம் பார்ப்போம்.

கோவில்பட்டிப் பெரியவருக்குக் கொடுத்த வாக்கை இதுவரை காப்பாற்றி வருகிறேன். கிட்டார் மூலையில் இல்லை, திண்ணையில் இருக்கிறது. குளத்தூர்ப் பக்கம் வந்தால் அவசியம் வீட்டுக்கு வாருங்கள், நண்பர்களே! வாசித்துக் காட்டுகிறேன். சுருதி சேர்ந்ததா இல்லையா என்பதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அப்பாவிடம் கேளுங்கள்.