கணிப்பொறிப் புகைவண்டி: எளிமை போதுமா?

விளையாட்டு என்றதும் நம் உள்ளத்தில் தோன்றுவது களிப்பு, உழைப்பு அன்று. ஆனால் விளையாடுவதற்கே பக்கம் பக்கமாகக் குறிப்பேடு படிக்க வேண்டிய விளையாட்டு ஒன்று உண்டு. கணிப்பொறித் திரையில் புகைவண்டி ஓட்டும் விளையாட்டே அது. ஆசையோடு அதனை வாங்கி, எஞ்சினை நகர்த்தவே தெரியாமல் ஒரே மாலையில் மூடி வைத்துவிடுவோர் உண்டு. ‘விளையாட்டுக்கு இவ்வளவு சிக்கல் எதற்கு?’ என்பது அவர்கள் கேள்வி. ‘சிக்கல் இல்லையேல் அது புகைவண்டியே அன்று’ என்பது தேர்ந்தவர்களின் விடை. இரண்டும் பாதி உண்மைகளே என்பது என் கருத்து.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். மெய்ம்மை வேறு, சிக்கல் வேறு. 1996-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ‘டென்ஷா டி கோ’ விளையாட்டில் முக்கியமான கைப்பிடிகள் இரண்டே. ஒன்று வேகம் கூட்ட. மற்றொன்று பிரேக் போட. ஆயினும் குறித்த நேரத்தில், நடைமேடையில் குறித்த இடத்தில் வண்டியை நிறுத்தியாக வேண்டும். ஓட்டுநர் தொழிலின் உயிர்நாடி அதுவே அன்றோ! கருவிகள் குறைந்தன, உண்மை குறையவில்லை.

அப்படியாயின் எளிமையே போதுமா? போதாது. பிரேக்கையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-இல் உருவாக்கிய தானியங்கிக் காற்று பிரேக்கின் தத்துவம் இன்றும் உலகெங்கும் வழங்கி வருகிறது. வண்டி நெடுகச் செல்லும் குழாயில் அழுத்தக் காற்று நிறைந்திருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும். குழாயில் அழுத்தம் குறைந்தால், ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் உள்ள கலத்துக் காற்று பாய்ந்து பிரேக்கை அழுத்தும். இணைப்பு அறுந்தாலும் வண்டி தானே நிற்பது இதனால்தான். ஆனால் பிரேக்கை மீண்டும் மீண்டும் போட்டு எடுத்தால், கலங்கள் மறுபடி நிறைய நேரமின்றிப் பிரேக் வலுவிழக்கும். மலைச்சரிவில் நீண்ட சரக்கு வண்டியோடு இறங்கும்போது இதன் விளைவு என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்! இதனை நீக்கிவிட்டு, மோட்டார் கார்போல் அழுத்தியதும் நிற்கும் வண்டியைத் தந்தால் களிப்பு கிட்டலாம். ஆனால் ஓட்டுநர் சரிவு வருமுன்னரே ஏன் திட்டமிடுகிறார் என்பது நமக்கு விளங்காமலே போய்விடும்.

ஜெர்மானியப் பாதைகளில் வேறொரு சோதனை. அங்குள்ள பாதுகாப்பு முறையின்படி, எச்சரிக்கைச் சிக்னலைக் கடந்தவுடன் ஓட்டுநர் சில வினாடிகளுக்குள் பொத்தானை அழுத்தித் தாம் அதைக் கண்டதைத் தெரிவிக்க வேண்டும். தவறினால் வண்டி தானே அவசர பிரேக் போட்டு நின்றுவிடும். இதையறியாத புதியவர் கணிப்பொறி பழுது என்று எண்ணிக் கைவிடுகிறார். குற்றம் அவருடையதன்று, எல்லாவற்றையும் முதல் நாளே அவர் தலையில் ஏற்றியதே குற்றம்.

இதற்கு வழி என்ன? படிப்படியாக ஏறுவதே வழி. 2001-இல் வந்த ‘மைக்ரோசாப்ட் டிரெயின் சிமுலேட்டர்’ விளையாட்டில் இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல் பாதை இருந்தது. அங்கே நெடுந்தூரம் 100 அடிக்கு 1 அடி என்னும் ஏற்றம். நீராவி எஞ்சினோடு அதில் ஏறுபவர் நெருப்பு, கொதிகலனின் நீர்மட்டம், நீராவி, சிக்னல் அனைத்தையும் ஒருசேரக் கவனித்தால் திணறுவார். இத்தகைய விளையாட்டுகள் பலவற்றில் ஃபயர்மேன் வேலையைக் கணிப்பொறியிடமே விட்டுவிடலாம். முதலில் அவ்வாறு விட்டு, ஒரே எஞ்சின், ஒரே பாதை என்று பழகுக. நிறுத்தக் கற்றபின் நெருப்பைக் கையில் எடுக்கலாம். பாதுகாப்பு முறைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். மெய்யான ஓட்டுநர்களும் பாதையை உடன்சென்று பழகிய பின்னரே அதில் தனித்து வண்டி ஓட்டுகின்றனர். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

எளிய முறையில் ஓட்டுபவரைத் தேர்ந்தவர்கள் எள்ளி நகையாடுவது தகாது. அதுபோலவே, எளிய முறையிலேயே என்றும் நின்றுவிடுவதும் தகாது. முதற்படி ஏறுவதற்கேயன்றிக் குடியிருப்பதற்கன்று. விளையாட்டைப் படைப்போரும் இதனை உணர்ந்து, சிக்கலை மறைக்காமலும் ஒரேயடியாகக் கொட்டாமலும் முறையாகக் கற்றுத்தரல் வேண்டும்.

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? திரையில் ஓட்டியவன் எஞ்சின் ஓட்டிவிடுவானா?’ என்று கேட்கலாம். ஓட்டமாட்டான், ஐயமில்லை. திரையில் தவறினால் மீண்டும் தொடங்கலாம். தண்டவாளத்தில் அது இயலாது. நூற்றுக்கணக்கான உயிர்களின் பொறுப்பைத் திரை எவ்வாறு தரும்? எனினும் அப்பொறுப்பின் அருமையை அது ஓரளவு காட்டும். சிக்னலுக்காக நடுவழியில் வண்டி நின்றால் ஓட்டுநரை ஏசுவது நம்மிடையே எளிதாக நடப்பது. ஒருமுறையேனும் முறையாகத் திரையில் ஓட்டிப் பார்த்தவர் அவ்வாறு ஏசமாட்டார். நண்பர்களே, அந்த மதிப்பு ஒன்றுக்காகவேனும் இச்சிக்கலைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளலாம்.