உட்கார்ந்து அடிக்கிறான் பாரு

கும்பகோணத்தில் ஒரு கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். நம் பக்கத்துத் தோழர் ஒருவரே கேட்டார்: "வெள்ளக்காரன் கத்துற பாட்டெல்லாம் நமக்கு எதுக்குத் தோழர்? நம்மகிட்ட பறை இல்லியா, கானா இல்லியா?" பக்கத்தில் இன்னொருவர். வருசம் தவறாமல் திருவையாற்றுக்குப் போகிறவர். அவரும் சேர்ந்துகொண்டார்: "இசைக்கு ஏது சார் சாதி, மதம், நாடு?" ஒருத்தர் என் காதுக்கு வேலி போடுகிறார். மற்றவர் வேலியே கிடையாது என்கிறார். அன்றைக்கு இரண்டு பேருக்கும் நான் பதில் சொல்லவில்லை. டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

2002ல் ஜூன் 12க்கு மேட்டூர் திறக்கவில்லை. குறுவை இல்லை. பின்னால் வந்த தண்ணீரில் சம்பாவும் காய்ந்தது. நெய்வேலியில் சினிமாக்காரர்கள் காவிரிக்காகக் கூட்டம் போட்டார்கள். நிலம் வைத்திருந்தவர்களுக்கு நிவாரணம் பற்றிப் பேச்சு நடந்தது. நிலமே இல்லாத எங்கள் தெருவுக்கு நடவு போச்சு, களையெடுப்பு போச்சு, அறுப்பு போச்சு. பாதித் தெரு திருப்பூருக்குப் போனது. நானும் எங்கள் சித்தப்பாவும் பெங்களூருக்கு ரயில் ஏறினோம். எந்த ஊர் தண்ணீர் தரமாட்டேன் என்றதோ அந்த ஊருக்கே வேலைக்கு. 1991 டிசம்பரில் அங்கே தமிழர்களை அடித்து விரட்டினார்கள் என்று அம்மா அழுதுகொண்டே அனுப்பினாள். அடிபட்டவர்களில் சேரித் தமிழன் எத்தனை, பங்களாத் தமிழன் எத்தனை என்று யாரும் கணக்குப் போட்டதில்லை.

பந்தல் காண்டிராக்டர் ஒருவரிடம் வேலை. தகரம் அடைப்பது, கம்பு கட்டுவது, நாற்காலி போடுவது. 2003 ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை, பேலஸ் கிரவுண்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரி. இந்தியாவில் அவர்கள் நடத்திய முதல் கச்சேரி அது. மூன்று நாள் கழித்து பம்பாயில் இன்னொன்று. 1962ல் லண்டனில் ஆரம்பித்த கோஷ்டி. மிக் ஜாகருக்கும் கீத் ரிச்சர்ட்ஸுக்கும் அப்போது 59 வயசு. டிரம்ஸ் அடிக்கிற சார்லி வாட்ஸுக்கு 61. எங்கள் சித்தப்பாவைவிட மூத்தவர்.

கழுத்தில் வேலைக்காரன் அட்டை இருந்ததால் உள்ளே நிற்கவிட்டார்கள். கடைசித் தகரத்தில் சாய்ந்துகொண்டு பார்த்தோம். ஜாகர் மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியதை ஜனம் வாய்பிளந்து பார்த்தது. சித்தப்பா அவரைப் பார்க்கவே இல்லை. பெரிய திரையில் சார்லி வாட்ஸ் வரும்போதெல்லாம் என் கையைப் பிடித்து அமுக்கினார்.

"கையத் தூக்கிடுறான் பாரு. எடது கை பொட்டுன்னு விழுவுறப்ப வலது கைய எடுத்துடுறான். ரெண்டும் ஒண்ணா விழாது. காத்து விட்டு அடிக்கிறான்."

அதுதான் சார்லி வாட்ஸின் முத்திரை என்று உலகத்து டிரம்ஸ்காரர்கள் எழுதியிருப்பதைப் பிற்பாடு படித்தேன். சித்தப்பாவுக்கு அதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிசம் ஆகவில்லை. நாற்பது வருசம் சுண்டுகுச்சியும் அடிக்குச்சியும் பிடித்த கை அவருடையது.

கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "உட்கார்ந்து அடிக்கிறான் பாருடா" என்றார்.

இந்த வார்த்தையை விளக்க வேண்டியிருக்கிறது, வாசகர்களில் சிலருக்காக. எங்கள் பக்கம் பறைக்குப் பெயர் தப்பு. தஞ்சாவூர்த் தப்பு. இன்றைக்கு அதைத் தப்பாட்டம் என்று கல்லூரி விழாவில் ஆடுகிறார்கள். எங்கள் தாத்தாவுக்கு அது ஆட்டம் இல்லை. ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் ஆள் வரும். போகணும். வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சணும். மேல்துண்டை இடுப்பில் கட்டி, தெரு முனையில் நின்றே அடிக்கணும். பிணம் எடுக்கும்வரை, ராத்திரியானாலும், நின்றுதான். சாராயமும் கொஞ்சம் நெல்லும் கொடுப்பார்கள், தூக்கிப் போட்டு. உட்கார்ந்தால் அடி. 1996ல் எங்கள் தெரு கூடி, இனி எழவுக்கு அடிப்பதில்லை என்று முடிவெடுத்தது. அந்த வருசம் அறுப்புக்கு எங்களைக் கூப்பிடவில்லை. ஆடு மாடு மேய்க்கக் கொல்லைப் பக்கம் விடவில்லை. சித்தப்பா தப்பைப் பரணில் போட்டார். பிறகு அதைத் தொடவில்லை. தெருவிலேயே நல்லா அடிக்கிறவர் அவர். முடிவுக்கு முதலில் கை தூக்கியவரும் அவர்தான்.

சரி, ரோலிங் ஸ்டோன்ஸுக்கும் நமக்கும் என்ன? இந்தப் பெயரே அவர்களுடையது இல்லை. மட்டி வாட்டர்ஸ் 1950ல் பாடிய ஒரு பாட்டிலிருந்து எடுத்தது. மட்டி வாட்டர்ஸ் யார்? மிசிசிப்பி டெல்டாவில் ஸ்டோவல் என்கிற பண்ணையில் வேலை செய்த கறுப்பர். டெல்டா என்கிற வார்த்தையைக் கவனியுங்கள். அங்கே பருத்தி, இங்கே நெல். அங்கே விளைச்சலில் பங்கு என்று சொல்லிக் கடனில் கட்டிப்போட்ட குத்தகை, இங்கே பண்ணையாள். அங்கே சவுக்கு, இங்கே சவுக்கோடு சாணிப்பாலும். அவர்கள் பண்ணையைவிட்டு சிகாகோவுக்கு ரயிலேறினார்கள். மட்டி வாட்டர்ஸ் ஏறியது 1943ல். அந்த வயலில் பிறந்ததுதான் ப்ளூஸ். அதிலிருந்துதான் ராக். 1955ல் அதே டெல்டாவில் எம்மட் டில் என்ற 14 வயசுப் பையனைக் கொன்றவர்களை வெள்ளை ஜூரிகள் விடுதலை செய்தார்கள். 1968 டிசம்பர் 25ல் கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்திய வழக்கில் 1973ல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. இத்தனை நிலம் உள்ளவர்கள் தாங்களே போய் நெருப்பு வைத்திருப்பார்களா என்று யோசித்த நீதி அது. இரண்டு டெல்டாவுக்கும் நடுவே எத்தனை கடல் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. 1972ல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் பெயர் வைத்தவர்களுக்கு அந்தத் தூரம் தெரிந்தே இருந்தது, அவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஆகவே முதல் தோழருக்கு: அது வெள்ளைக்காரன் பாட்டு இல்லை. வெள்ளைக்காரன் வாங்கிப் பாடிய பாட்டு. சில சமயம் வாங்கினான், சில சமயம் எடுத்துக்கொண்டான். ராபர்ட் வில்கின்ஸ் என்கிற கறுப்புப் பாதிரியாரின் பாட்டை 1968 இசைத்தட்டில் ஜாகர் - ரிச்சர்ட்ஸ் என்று தங்கள் பெயரில்தான் முதலில் அச்சடித்தார்கள். பிறகு திருத்த வேண்டியதாயிற்று. 'பிரவுன் சுகர்' என்று அடிமைப் பெண்கள்மேல் நடந்த வன்கொடுமையைக் கும்மாளமாகப் பாடி ஐம்பது வருசம் காசு பார்த்தார்கள். 2021ல்தான் மேடையிலிருந்து அதை எடுத்தார்கள். இதையெல்லாம் மறைத்து இவர்களுக்குக் கலகக்காரப் பட்டம் கட்ட நான் வரவில்லை.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. 1965ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாட அழைத்தபோது, ஹவ்லின் வுல்ஃபையும் கூப்பிட்டால்தான் வருவோம் என்றார்கள். அவரும் மிசிசிப்பிக் கறுப்பர்தான். அவர் பாடியபோது இவர்கள் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பெயர் சொன்னார்கள். 2016லும் முழுக்கப் பழைய ப்ளூஸ் பாட்டுகளாக ஒரு இசைத்தட்டு போட்டார்கள்.

இப்போது இரண்டாமவருக்கு வருகிறேன். இசைக்குச் சாதி இல்லை என்றீர்களே. தியாகராஜர் 1847 ஜனவரியில் இறந்தார். அவர் சமாதியைத் தேடித் தன் சொத்தைப் போட்டுக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசிக் குலத்துப் பெண். அவர் கட்டிய இடத்தில் அவரையே பாடவிடவில்லை. பெண்களுக்கென்று தனிக் கட்சி வைத்துப் போராடி, 1940 வாக்கில்தான் எல்லாரும் ஒன்றானார்கள். 1946ல் தண்டபாணி தேசிகர் அங்கே தமிழில் பாடியதற்கு எழுந்த கூச்சலைப் பற்றி 'குடி அரசு' ஏட்டில் 'தீட்டாயிடுத்து' என்று தலைப்புப் போட்டு எழுதினார் கருணாநிதி. தமிழ் பட்டாலே தீட்டு என்றால், தமிழனிலும் கீழே வைத்தவன் பட்டால்?

பட்டுக்கொண்டுதான் இருந்தான், ஒவ்வொரு வருசமும். அந்தக் காவிரிக்கரைப் பந்தலில் வரிசையாக மிருதங்கம் இருக்கிறதே, அது என்ன? பலாக்கட்டைமேல் மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், இழுத்துக் கட்ட எருமை வார். எங்கள் தப்பிலும் மாட்டுத்தோல்தான். வலந்தலையில் இருந்தால் நாதம், தப்பில் இருந்தால் தீட்டு. தோலை வாங்கி, முகர்ந்து, சீவி, மூட்டி, சுருதி சேர்த்துக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் நம் சனம், தஞ்சாவூர்க் கிறிஸ்தவர்கள் பலர். பாலக்காடு மணி அய்யரின் நாதத்தைப் பற்றிப் பேசாத ரசிகர் இல்லை. அந்த நாதத்துக்குத் தோல் தேடி அலைந்த பர்லாந்து என்கிற பெர்னாண்டஸைப் பற்றி எத்தனை சபாக்களில் பேசினார்கள்? 2020ல் டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று புத்தகம் எழுதினார். மாட்டைப் பற்றியும் சாதியைப் பற்றியும் அதில் இருப்பதைச் சொல்லிக் கலாக்ஷேத்ரா வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்க அனுமதியை ரத்து செய்தது. இசைக்குச் சாதி இல்லை, அரங்குக்கு இருக்கிறது போலும். அதை எழுதவும் ஒரு பார்ப்பனப் பாடகர் வர வேண்டியிருந்தது என்பதில் எனக்கு வருத்தம்தான். அவர்மேல் இல்லை, நம்மேல். எத்தனை எழுதினோம் நாம், வாரைப் பற்றி ஏன் எழுதவில்லை?

பறை இல்லையா என்ற தோழரே, பறை இருக்கிறது. அது யார் சொல்லி அடிப்பது என்பதுதான் வழக்கு. திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள் அடிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் 'தமிழரின் வீர இசை' என்று மேடையில் அதைத் தோளில் மாட்டிக்கொள்கிற அதே ஊர்த்தெருப் பையன், அவன் பாட்டன் செத்தால் எங்கள் தெருவுக்குத்தான் ஆள் அனுப்புகிறான். அவனே அடிக்கட்டுமே, பார்ப்போம். அதுவரைக்கும் பரணில் கிடக்கிற தப்புக்கும் ஒரு அர்த்தம் இருக்கிறது. 2018 ஜனவரி 6 சென்னையில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் மேடை ஏறியபோது கிடாரும் டிரம்ஸும் பறையும் கானாவும் ஒன்றாக நின்றன. எந்த வாத்தியத்தையும் அவர்கள் யாரிடமும் கேட்டு எடுக்கவில்லை. ராக் நமக்கு எதுக்கு என்று அந்தப் பிள்ளைகளிடம் போய்க் கேளுங்கள்.

அன்று ராத்திரி கச்சேரி முடிந்து கூட்டம் கலைந்தது. நாங்கள் விடியும்வரை நாற்காலி அடுக்கினோம். சித்தப்பா வழியெல்லாம் நாற்காலி முதுகில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். பரணில் போட்ட ஏழு வருசத்தில் அவர் விரல் எதன்மேலும் தட்டி நான் பார்த்ததில்லை.

"அவரு அப்பா என்ன பண்ணாராம்?" என்றார்.

அப்போது எனக்குத் தெரியாது. சார்லி வாட்ஸின் அப்பா ரயில்வேயில் லாரி ஓட்டினார் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் படித்தேன். 2021 ஆகஸ்டில் வாட்ஸ் இறந்த செய்தி வந்தபோது அதைச் சொல்லச் சித்தப்பா இல்லை.

"தெரியல சித்தப்பா."

"யாரும் ஆள் வுட்டுக் கூப்டு வந்த மாதிரி தெரியல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த செட்டு என்ன வெல இருக்கும்டா?"