கிருமி வளரவில்லை என்பதோடு விசாரணை முடியக் கூடாது

கல்யாணப் பந்தியிலோ மாணவர் விடுதியிலோ சாப்பிட்ட பலர் ஒரே நேரத்தில் வாந்தி எடுத்தால், மிச்ச உணவில் கிருமியை மட்டும் தேடினால் போதாது; கிருமி விட்டுச்சென்ற நஞ்சையும் பூச்சிமருந்தையும் அன்றைக்கே சேர்த்துத் தேட வேண்டும். எங்கள் நுகர்வோர் அமைப்பின் நிலைப்பாடு இது.

2000ஆம் ஆண்டு ஜப்பானில் ஸ்னோ பிராண்ட் நிறுவனத்தின் பாலைக் குடித்த 13,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள். ஹொக்கைடோ ஆலையில் மின்சாரம் நின்றபோது குளிரூட்டப்படாமல் கிடந்த பாலில் ஸ்டஃபிலோகாக்கஸ் பெருகி நஞ்சு சுரந்திருந்தது. பிறகு காய்ச்சியதில் கிருமி செத்தது, நஞ்சு அப்படியே இருந்தது. அந்தப் பாலில் தயாரான பால்பவுடரில் கிருமியை மட்டும் தேடியிருந்தால் ஒன்றும் அகப்பட்டிருக்காது. நம் சமையலறைக்கும் இது பொருந்தும். வடித்த சோறு வெளியிலேயே பல மணி நேரம் கிடந்தால் அதில் பேசில்லஸ் சீரியஸ் பெருகும். அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு 121 டிகிரி வெப்பத்தையும் தாங்கும். திரும்பச் சூடாக்கியதால் சோறு நல்லதாகிவிடாது.

பூச்சிமருந்து வயிற்றுக்குள் போனாலும் முதலில் வருவது வாந்திதான். 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. இந்த வகை நஞ்சுக்கு அட்ரோபின் ஊசியை உடனே போட வேண்டும். கிருமி வளர்ப்புச் சோதனைக்கோ ஓரிரு நாளாவது பிடிக்கும். அறிகுறிகளைப் பார்த்தே மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும். ஆய்வகம் அவருக்குப் பின்னால் ஓடிவர வேண்டும்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006, பகுப்பாய்வாளர் அறிக்கை தர 14 நாள் அவகாசம் அளிக்கிறது. கடையில் எடுத்த மாதிரிக்கு அது சரி. ஊரே ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது சரியல்ல. முதற்கட்ட முடிவு 48 மணி நேரத்துக்குள் வர வேண்டும். அது மக்களுக்கும் தெரிவிக்கப்பட வேண்டும். நுண்ணிய ரசாயனக் கருவிகள் விலை கூடியவை, மாவட்டத்துக்கு ஒன்று வாங்குவது கடினம் என்பதை ஏற்கிறோம். அவற்றை மண்டல ஆய்வகங்களில் வைக்கலாம். ஆனால் ஸ்டஃபிலோகாக்கஸ் நஞ்சைக் கண்டறியும் எலைசா சோதனையையாவது மாவட்ட அளவில் தொடங்க அரசு நிதி ஒதுக்க வேண்டும். கருவியை இயக்கத் தெரிந்தவர்களை நிரந்தரப் பணியில் அமர்த்தவும் வேண்டும்.

பொதுமக்களிடம் ஒரு வேண்டுகோள்: சாப்பிட்டவர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் மிச்ச உணவைக் கொட்டிவிடாதீர்கள். மூடி, ஃபிரிட்ஜில் வைத்து, உண்ட நேரத்தையும் வாந்தி தொடங்கிய நேரத்தையும் எழுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுங்கள்.