குழந்தைக்கு என்ன தெரியும்?

வில்லாபுரத்தில் எங்கள் தெருவில் சென்ற ஐப்பசி மழையில் பழைய செங்கல் சுவர் ஒன்று இடிந்து விழுந்தது. அதன் அடியில் படுத்திருந்த கிழவி போய்விட்டாள். கூடப் படுத்திருந்த பேரனுக்குச் சிராய்ப்போடு சரி. பையனுக்கு ஐந்து வயசு. "அப்பத்தா ஊருக்குப் போயிருக்கு" என்று அவனிடம் சொல்லி வைத்தார்கள்.

அதற்குப் பிறகு அவனுக்கு ஒரே விளையாட்டுத்தான். செங்கல் துண்டுகளை அடுக்குவான், அதன் அருகில் ஓர் உடைந்த சீப்பைப் படுக்க வைப்பான், சுவரைத் தள்ளுவான். பிறகு சீப்பை எடுத்துத் துடைத்து, "பொழச்சிக்கிருச்சு" என்பான். மறுபடியும் அடுக்குவான். ஒருநாள் அவன் பெரியப்பா வந்து அத்தனையையும் காலால் எற்றினார். "வெளங்காத வெளாட்டு! இன்னொரு தடவ பாத்தேன், தோலை உரிச்சிருவேன்." பையன் அழவில்லை. சீப்பை மட்டும் டவுசர் பைக்குள் போட்டுக்கொண்டான்.

நான் கேட்டதற்கு அவர் சொன்னார்: "கொழந்தைக்கு என்ன சார் தெரியும்? ரெண்டு மாசத்துல மறந்துரும். நாமதான் ஞாபகப்படுத்தக் கூடாது."

நல்ல மனிதர். தாயைப் பறிகொடுத்தவர். ஆனாலும் அவர் சொன்னது பொய். அவர் ஒருவர் சொல்லும் பொய்யும் அல்ல. நாடே சேர்ந்து சொல்வது. குழந்தை மறந்துவிடும் என்று நாம் சொல்வது குழந்தைக்காகவா? அதன் கேள்விக்குப் பதில் சொல்லும் சங்கடத்திலிருந்து நாம் தப்பிக்கத்தானே!

இதே மதுரையில் 1964 ஏப்ரலில் சரஸ்வதி பள்ளிக் கட்டடம் இடிந்து 30-க்கும் மேற்பட்ட சிறுமிகள் மாண்டார்கள். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளிக் கூரை பற்றிக்கொண்டு 94 குழந்தைகள் கருகினார்கள். கட்டடம், கூரை, நஷ்டஈடு, தண்டனை என்று எல்லாவற்றையும் பேசினோம், பேச வேண்டியவைதான். பக்கத்து இடத்தில் உட்கார்ந்திருந்தவள் மறுநாள் இல்லை என்பதை உயிர் தப்பிய சிறுமி எப்படிச் சுமந்தாள் என்று எத்தனை பேர் பேசினோம்? நம் ஊரில் பிழைத்தவர் என்றால் பிரச்னை தீர்ந்தவர் என்று அர்த்தம்.

இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு விழுந்த லண்டனில் குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா பிராய்டு அம்மையார், ஒரு நாலரை வயசுப் பையனைப் பற்றி எழுதியிருக்கிறார். குண்டுவீச்சில் தகப்பனை இழந்தவன். காகித வீடுகள் கட்டி, கோலிகளைக் குண்டுகளாக எறிவான். அவன் விளையாட்டில் யாருமே சாவதில்லை. மாதக்கணக்கில் இப்படி. அப்பா இனி வரமாட்டார் என்று ஒருநாள் அவன் வாய்விட்டுச் சொன்னான். அதற்குப் பிறகுதான் அந்த விளையாட்டு நின்றதாம். வில்லாபுரத்துச் சீப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. விளையாட்டு அந்த வயசின் பேச்சு. அதை எற்றி உதைப்பது குழந்தையின் வாயைப் பொத்துவதுதான்.

உடனே ஒரு கூட்டம் எதிர்ப்பக்கம் ஓடும்: மைக்கைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, அப்ப நீ என்ன பார்த்தே, சொல்லு!" என்று. இவர்கள் பெரியப்பாவைவிட மோசம். நடந்ததைச் சொல்லச் சொல்லி நெருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. குழந்தை பேசினால் கேட்க வேண்டும். பேசாவிட்டால் கூட இருக்க வேண்டும். பழைய நேரத்துக்குச் சோறு, பழைய நேரத்துக்குத் தூக்கம், கூடிய சீக்கிரம் பள்ளிக்கூடம். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் தமிழ்நாட்டுக் கரையோரத்து உள்ளூர் ஆட்களுக்கு இந்த மாதிரி வேலைகளில்தான் பயிற்சி கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்து வைத்தியர்கள் இந்தக் காயத்துக்கு 'மனவடு' என்று நல்ல தமிழ்ப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் இருக்கும் பெயர் 'பயந்த கோளாறு'. அதற்கு மருந்து மந்திரித்த கயிறு. கயிறு கட்டட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால், மாதம் தாண்டியும் பிள்ளை தூக்கத்தில் அலறினால், விட்டுப்போன படுக்கை நனைப்பு திரும்ப வந்தால், ராஜாஜி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கும் அழைத்துப் போங்கள். 14416-க்குப் போன் போட்டாவது கேளுங்கள்.

போன வாரம் அவன் என் வீட்டுத் திண்ணையில் செங்கல் அடுக்கினான். நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். சீப்பைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "நாந்தான் தாத்தா, தூக்கத்துல சொவத்த ஒதச்சேன்."

ஒன்றும் தெரியாத குழந்தை! மூன்று மாதமாக ஒரு கொலையை மனசில் வைத்துக்கொண்டு இட்லி தின்றிருக்கிறான். ஊருக்குப் போனவள் ஏன் வரவில்லை என்பதற்கு நாம் காரணம் சொல்லவில்லை. அவனே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டான்.

"மழை ஊறித்தான் சுவர் விழுந்தது. நீ உதைத்து விழாது" என்றேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை. அவன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "மத்ததையும் நீங்களே சொல்லிருங்க சார்" என்றாள். முடியாது என்றேன். அப்பத்தா செத்துப்போனதை அவன் அவளிடமிருந்துதான் கேட்க வேண்டும். அழுதுகொண்டே சொன்னாலும் பாதகமில்லை.