கழற்றுதலும் தொழிலே

அடுக்களைக்குப் புதுக் குழாய் வாங்கி வந்த வீட்டார், அதனைப் பொருத்துதற்குரிய கூலியை மனமுவந்து அளிப்பர். பழையதைக் கழற்றுதற்குத் தனியே நேரமும் கூலியும் வேண்டுமென்று தொழிலாளி கேட்பாராயின், "திருகினால் வந்துவிடும், இதற்கும் கூலியா?" என்று வியப்பர். உத்தமபாளையத்தில் மட்டுமன்று, எவ்வூரிலும் இவ்வெண்ணம் உண்டு. இஃது பிழையென்றும், பொருத்துதலினும் கழற்றுதலே அருமையுடைய தொழிலென்றும் நாம் கருதுகின்றோம்.

காரணம் கூறுவாம். பல்லாண்டுகள் சுவரில் இருந்த பித்தளைக் குழாயின் மரைகளுக்கிடையே சுண்ணாம்புப் படிவமும், இரும்பு இணைப்பின் துருவும் புகுந்து இறுகியிருக்கும். அவசரத்தால் வலிந்து திருகினால், குழாயின் தலை மட்டும் கையோடு வர, மரைப்பகுதி முறிந்து உள்ளே தங்கிவிடும். அன்றிச் சுவரில் மறைந்துள்ள இணைப்பே விரிசலுறும். பின்னர் ஒரு குழாயின் பொருட்டுச் சுவரையே உடைக்க நேரும்.

அறிந்த தொழிலாளி அவ்வாறு செய்யார். முதற்கண் வால்வை மூடுவார். குழாயைத் திறந்து எஞ்சிய நீரை வடியவிடுவார். துருவேறிய இடத்தில் எண்ணெய் விட்டுப் பொறுத்திருப்பார். இணைப்பை ஒரு ரெஞ்சினால் அசையாது பற்றி, மற்றொன்றால் குழாயை இடப்புறமாகச் சிறிது சிறிதாகத் திருப்புவார். கழன்ற பின்னும் அவர் பணி முடிவதில்லை. உள்மரையில் ஒட்டிய பழஞ்சணலையும் துருவையும் துடைத்தெடுத்து, வால்வைச் சற்றே திறந்து கசடு வெளியேறச் செய்வார். அதன்பின்னரே புதுக்குழாயின் மரையில் டெஃப்லான் நாடாவைச் சுற்றுவார். 1938ஆம் ஆண்டு ராய் பிளங்கெட் என்பார் கண்டறிந்த அப்பொருளும், அழுக்கு நீங்காத மரையில் கசிவைத் தடுக்கமாட்டாது.

கசிவு சிறிதென்று இகழ்தற்கில்லை. இருபது துளி ஒரு மில்லிலிட்டர் எனக் கொள்ளின், வினாடிக்கொரு துளி வீதம் ஒழுகும் நீர் நாளொன்றுக்கு நான்கு லிட்டருக்கு மேலாகும். ஓராண்டில் 1,500 லிட்டரைக் கடக்கும். 2019ஆம் ஆண்டு தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தார் ஒருவர்க்கு நாளொன்றுக்கு வகுத்த அளவே 55 லிட்டர்தான். மேலும், நம் பள்ளத்தாக்கின் ஆற்றுநீர் எளிதில் வந்ததன்று. மேற்கே ஓடிய பெரியாற்றை அணைகட்டித் தடுத்து, மலையைக் குடைந்து, 1895ஆம் ஆண்டு பென்னிகுக் முதலியோர் கிழக்கே திருப்பினர். அத்துணை உழைப்பால் வந்த நீரை, அரைமணி நேரப் பொறுமையின்மையால் சுவருக்குள் ஒழுகவிடுதல் தகுமோ?

நம் கல்லூரித் தமிழ் மாணவர் ஒரு சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலையெனப் பிரித்துக் காட்டுவர். பிரிக்குங்கால் உறுப்பொன்றும் சிதையலாகாதென்பது அங்கே விதி. சொல்லைப் பிரிப்பவர்க்கு மதிப்பெண்ணும், குழாயைப் பிரிப்பவர்க்குப் பேரமும் அளித்தல் நீதியன்று. தச்சர் மனையில் வளர்ந்த ஆண்டவரைப் பணியும் நாம் கைத்தொழிலை இவ்வாறு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் மதிப்பளித்தல் கூடாது.

ஆகவே, அன்பர்காள், இனி உங்கள் வீட்டில் குழாய் மாற்ற நேருங்கால், வால்வு எங்குளதென்று முன்னரே அறிந்து வைமின், தொழிலாளியை விரைவுபடுத்தாதிருமின், கழற்றுதற்கும் பொருத்துதற்கும் சேர்த்தே கூலி பேசுமின்.