கற்றதைக் கூறும் திறம்

கற்றல் ஒன்று, கற்றதைப் பிறர் அறிய எடுத்துரைத்தல் மற்றொன்று. முன்னது பட்டத்தைத் தரும். பின்னது பணிக்கு வாயிலாகும். முன்னதற்கு மூன்றாண்டும் நான்காண்டும் செலவிடும் மாணவருள் பலர், பின்னதற்கு மூன்று நாளும் செலவிடுவதில்லை. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்த பின்னரே வினாவிடைத் தொகுப்பொன்றைத் தேடிப் பிடித்து, இரவெல்லாம் உருப்போடுகின்றனர். மழை பெய்யத் தொடங்கிய பின் கூரை வேய முற்படுவார் செயலை இஃது ஒக்கும்.

வணிகவியற் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் நேர்முகத் தேர்வுக்குச் செல்கின்றார் எனக் கொள்க. “நிறுவனத்தின் ரொக்க ஏடு ஓர் இருப்பைக் காட்டுகின்றது, வங்கியின் செல்லேடு வேறோர் இருப்பைக் காட்டுகின்றது. இவ்வேறுபாடு எதனால் நேர்ந்தது?” என்று தேர்வாளர் வினவுகின்றார். நிறுவனம் ஒருவர்க்குக் கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்கு வந்து சேராதிருக்கலாம். வங்கி எடுத்துக்கொண்ட கட்டணம் ரொக்க ஏட்டில் பதியப்படாதிருக்கலாம். வங்கிச் சரிக்கட்டும் பட்டியலைப் பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வில் எழுதிய அவ்விளைஞர் இவற்றை அறியாதவர் அல்லர். எனினும் அவருக்கு நா எழவில்லை. பாடநூலின் தலைப்பைக் கூறியிருந்தால் விடை வந்திருக்கும். தலைப்பின்றி வாழ்க்கை வினவியபோது வரவில்லை.

இதனைக் கண்டு அவரை அறிவிலி என்று இகழ்தல் முறையாகாது. அவர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர் அவரே. அலுவலகத்தில் எவ்வாறு பேசுவது என்று சொல்லித்தர வீட்டில் எவரும் இலர். வகுப்பறையிலோ, ஆசிரியர் சொல்ல அவர் எழுதினாரேயன்றி, அவர் சொல்ல ஆசிரியர் கேட்டதில்லை. தமிழில் கற்றவர்க்கு ஆங்கிலத்தில் விடை கூற வேண்டுமே என்ற கலக்கமும் உடன் சேர்கின்றது. ஆகவே, அவர் அஞ்சியது அறியாமையால் அன்று, பழக்கமின்மையால். அப்பழக்கத்தை அளிக்கத் தவறிய கல்விமுறைக்கும் இக்குறையில் பங்குண்டு.

திருவள்ளுவர் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தார். கல்வியை 40ஆம் அதிகாரத்தில் வற்புறுத்தியதோடு அவர் அமையவில்லை. சொல்வன்மைக்கு 65ஆம் அதிகாரத்தையும், அவையறிதலுக்கு 72ஆம் அதிகாரத்தையும், அவையஞ்சாமைக்கு 73ஆம் அதிகாரத்தையும் தனித்தனியே வகுத்தார். கல்வி வந்தால் இவையும் தாமே வந்துவிடும் என்று அவர் கருதவில்லை என்பது இதனால் விளங்கும்.

தமிழ்நாட்டு அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம், மாணவர்க்குத் தொழில்திறன் பயிற்சி அளிக்க எழுந்தது. அது போற்றத்தக்கதே. ஆயினும், எத்திட்டமும் வகுப்பறைக்கு ஈடாகாது. ஒவ்வொரு பாடவேளையிலும் ஒரு மாணவர் எழுந்து, முதல்நாள் கற்றதைத் தம் சொற்களில் ஐந்து நிமிடம் கூறுவாராயின், அதற்குப் பொருட்செலவும் இல்லை. தனிப் பயிற்சிக்கூடமும் வேண்டுவதில்லை. தமிழில் தெளிவாகக் கூறப் பழகியவர்க்கு, அதனையே ஆங்கிலத்தில் கூறுதலும் நாளடைவில் எளிதாகும்.

பேச்சுப் பயிற்சி வாய்ச்சொல் வீரரையே வளர்க்கும் என்பார் சிலர். கல்லாததைக் கற்றதாகக் காட்டப் பயிற்றினால் அவ்வாறே முடியும். ஆனால், பொய்யான பெருமை முதல் வினாவுக்குத் தப்பினும், இரண்டாம் வினாவில் அகப்பட்டுவிடும். தெரிந்ததைத் தெளிவாகக் கூறுதலும், தெரியாததைத் ‘தெரியாது, கற்றுக்கொள்வேன்’ என்று தயங்காது கூறுதலும் ஆகிய இரண்டுமே மெய்யான பயிற்சியாகும். பணியில் அமர்ந்த பின்னும் துணை நிற்பவை இவையே. அறியாததை அறிந்ததுபோல் நடித்துக் கணக்கைப் பிழைபட எழுதுபவரைவிட, மூத்தாரை வினவித் திருந்த எழுதுபவரையே எந்நிறுவனமும் விரும்பும்.

நேர்முகத் தேர்வு ஒருநாள் நிகழ்ச்சி; அதற்குரிய ஆயத்தமோ பள்ளிப் பருவத்திலேயே தொடங்க வேண்டுவது. இன்று வகுப்பில் எழுந்து பேசக் கூசாத மாணவர், நாளை எவ்வவையிலும் தலைநிமிர்ந்து நிற்பார்.